எரிமலை கொண்டு வரக் கூடாது

இருபத்தெட்டு வருடங்களாக டில்லியில் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் பல நிலநடுக்கங்களைப் பார்த்தாயிற்று. பல மேலதிகாரிகளையும் பார்த்தாயிற்று. இரண்டிலும் மின்விசிறி கொஞ்சம் ஆடும், நாம் மாடிப்படி இறங்குவதற்குள் நின்றுவிடும். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு மத்திய அரசு ஊழியர்களை அஸ்திவாரத்தோடு ஆட்டிக் காட்டியவர் ஒருவர்தான். அவர் பாறை மிஸ்.

பாறை மிஸ்ஸுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தாக வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கலாம். வேறெங்கும் அது புழங்கி நான் கேட்டதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற ஒரு பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்குப் புவி அறிவியல் எடுக்கிறார். (எந்தப் பள்ளி என்று தேட வேண்டாம். தேடிக் கண்டுபிடித்தால் உங்களையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிடுவார்.) சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவர் ராணுவம். ராணுவத்தில் ஊர் மாற்றல் வந்தால் மற்ற வீடுகளில் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இவர் போன ஊரிலெல்லாம் கல் பொறுக்கியவர் என்பதால் இவருக்குக் கவலையெல்லாம் நாலு மரப்பெட்டிகளைப் பற்றித்தான். தூக்க முடியாமல் சுமைக்காரர்கள் முனகினால், "பத்தர் ஹை பையா, ஆராம் ஸே!" (கல்லுப்பா, மெதுவா!) என்று இந்தியில் ஆரம்பித்து, கற்களைக் காட்டி, "வயசானவுக, பாத்துத் தூக்கு" என்று தமிழில் முடிப்பாராம்.

என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போன ஏப்ரலில் பாறை மிஸ் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார், ஒரு தாளின் வடிவில்.

வருட ஆரம்பத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஒரு முன்னோட்டம் வரும். என்னென்ன பாடம், மாணவரிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று பளபளப்பாக அச்சடித்து, பன்னிரண்டு பக்கம், ஓரத்தில் பூ போட்டு. அதை எழுதியவரும் படித்திருக்க மாட்டார். பாறை மிஸ்ஸின் தாள் ஒன்றே ஒன்று. கையால் எழுதி நகலெடுத்தது. தமிழில் வேறு. டில்லியில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதினாராம். வீட்டில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள், அந்தச் சாக்கில் பெரியவர்களும் படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மத்திய அரசு ஊழியர்களைப் பற்றி அவருக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

அந்தத் தாளின் ஒரு நகல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. சில வரிகள்:

"ஏப்ரல்: மண். மண் அழுக்கு அல்ல. சட்டையில் மண் இருந்தால் அன்று பாடம் நடந்தது என்று பொருள். துவைப்பவரிடம் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஜூலை: மழை. மழை பெய்தால் வகுப்பு வெளியே.

நவம்பர்: காற்று. புகையால் பள்ளிக்கூடத்தை மூடலாம். மூடினால் அதுதான் பாடம்.

பென்சில் மட்டும். பூமி தன் படத்தையே அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கிறது, உங்களுக்கு எதற்குப் பேனா?

எரிமலை கொண்டு வரக் கூடாது. டில்லியில் எரிமலை இல்லை.

தெரியாத கேள்விக்குத் 'தெரியாது' என்று எழுதினால் அரை மதிப்பெண். எப்படித் தெரிந்துகொள்வேன் என்றும் எழுதினால் முழு மதிப்பெண். தெரிந்த மாதிரி எழுதினால் பூஜ்யம். அப்பா சொல்லிக்கொடுத்து எழுதினாலும் பூஜ்யம்தான்."

அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

இந்த மஞ்சள் சீட்டைப் பற்றி வெளியுலகத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகங்களில் நூற்றெண்பது பக்கக் கோப்பு வந்தால் யாரும் நூற்றெண்பது பக்கத்தைப் பார்ப்பதில்லை. சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே கை தானாகப் போகும். கண் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை கையெழுத்துப் போட்டு முடித்திருக்கும். தூக்கத்தில் இருக்கிற துணைச் செயலரின் மூக்கில் மஞ்சள் சீட்டை ஒட்டினால் தன் மூக்கிலேயே கையெழுத்துப் போட்டுக்கொள்வார்.

"அப்பா, ஜல்தி சைன் போடு! வேன் பையா ஹார்ன் அடிக்கிறாரு" என்றாள் மகள்.

போட்டேன். பழக்க தோஷத்தில் தேதியும் போட்டு, "பார்வையிடப்பட்டது" என்று எழுதினேன். பிறகு விசாரித்ததில் மற்ற தகப்பன்மார்களும் ஒன்றும் குறைவைக்கவில்லை. ஒருவர் "தகவலுக்காக" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "பேசவும்" என்று எழுதி, யார் யாரிடம் பேச வேண்டும் என்பதை வழக்கம்போல் எழுதாமல் விட்டிருந்தார்.

அந்த மாதமே வீட்டுப் பக்கத்து மண் ஒரு கைப்பிடி கொண்டு வரச் சொல்லிப் பெற்றோருக்கு அழைப்பு வந்தது. கரோல் பாகில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவனுக்கு மண்ணுக்கு எங்கே போவது? கீழே இறங்கினால் சிமெண்டு, அதன்மேல் ஸ்கூட்டர், அதன்மேல் ஒரு நாய். நான் புத்திசாலித்தனமாக நடைபாதைச் செடிக்கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். பாறை மிஸ் பிரித்தார், மோந்தார், இரண்டு விரலால் தேய்த்தார்.

"சார், இது மண்ணு இல்ல. தேங்கா நாரு."

"அப்படியா?"

"டில்லி மண்ணு கொண்டாங்கன்னு சொன்னா தேங்காயக் கொண்டாந்திருக்கீய. தமிழ்நாட்டுக்காரர்னு நிரூபிக்க வேற வழியே கிடைக்கலியா?"

என் மகள் அன்றிலிருந்து ஒரு மாதம் என்னைத் தெரியாதவள் போலவே பள்ளி வாசலில் நடந்துகொண்டாள்.

என் கதையாவது பரவாயில்லை. வரதராஜனின் கதை சோகமானது. வரதராஜன் ஓர் அமைச்சகத்தில் சார்புச் செயலர். அவர் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. தெரியாது என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரிக்காதவர். டில்லியில் மெட்ரோவுக்கு வழி கேட்டால், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டுவார். அதுவும் உறுதியாகக் காட்டுவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காத அவர், செய்முறைத் திட்டம் என்றதும் கரோல் பாக் கடையில் ரெடிமேட் எரிமலை ஒன்றை வாங்கிப் பையனிடம் கொடுத்தனுப்பினார். தெர்மோகோல் மலை, உச்சியில் சிவப்புத் திரவம், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். பாறை மிஸ் அதைத் திருப்பி அனுப்பவில்லை. தாழ்வாரத்தில், தம் கற்களின் வரிசையில், கடைசியாக வைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் இருப்பதுபோல் அதற்கும் ஒரு சீட்டு: "கிடைத்த இடம்: கரோல் பாக், வளையல் கடைக்கு அடுத்த கடை. வயது: நேற்று மாலை. தோற்றம்: அப்பா."

அதையும் வரதராஜன் பொறுத்துக்கொண்டார். அக்டோபரில் ஒரு காலை லேசாக நிலம் ஆடியது. எல்லோரும் வாசலில் நின்று, "உங்க ஃபேன் ஆடிச்சா? எங்க ஃபேன் ஆடிச்சு" என்று பேசி முடித்த பிறகு, வகுப்பு வாட்ஸப் குழுவில் வரதராஜன் ஒரு செய்தியை அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் இதைவிடப் பெரியது வரப்போகிறதாம். விஞ்ஞானிகள் சொன்னார்களாம். எந்த விஞ்ஞானி என்று இல்லை. "மேடம் உறுதி செய்யவும்" என்று கீழே ஒரு வரி.

பாறை மிஸ்ஸின் பதில் உடனே வந்தது: "அடுத்தது எப்போ வரும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்லுதவர நம்பாதீங்க. பீரோவச் சுவரோட சேத்து அடிங்க, அது போதும்."

இருபத்திரண்டு குடும்பத்துக்கு முன்னால், சார்புச் செயலருக்கு! அரையாண்டுத் தேர்வு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 'உன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு கேள்வி. வரதராஜன் பையன், அப்பா நெட்டுருப் போடவைத்தபடி, கங்கோத்ரி பனிப்பாறையில் தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தான். பூஜ்யம். ஓரத்தில் பென்சிலால், "கங்கோத்ரியிலிருந்து உன் குளியலறைக்கு வழி சொல்லவும்." என் மகள் எழுதியது ஒன்றரை வரி: "தெரியாது. பம்ப் போடுற அங்கிள்கிட்ட கேப்பேன், அப்புறம் பைப் பின்னாடியே போவேன்." முழு மதிப்பெண்.

மறுநாள் மாலை வரதராஜன் என் வீட்டு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார்.

"ஓய், இதை விடப்படாது. தெரியாதுன்னு எழுதினா மார்க்காம்! நாளைக்கு இந்தக் கொழந்தைகள் யூபிஎஸ்சி எழுதப் போறதுகள். அங்கே போய்த் தெரியாதுன்னு எழுதினா மாலை போட்டுக் கலெக்டர் ஆக்குவாளா? நீர்தான் பத்திரிகையிலெல்லாம் எழுதறீரே, ஒரு பெட்டிஷன் டிராஃப்ட் பண்ணும்."

என் எழுத்தை யாராவது தேடி வந்து கேட்பது அபூர்வம். மயங்கிவிட்டேன். ஆறு பத்தியில், "பெரும்பாலான பெற்றோர் கருதுகின்றனர்", "ஆழ்ந்த கவலை அளிக்கிறது" என்றெல்லாம் போட்டு ஒரு மனு எழுதினேன். இருபத்திரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். மஞ்சள் சீட்டை நானே ஒட்டியிருந்தேன்.

அது விளையாட்டில்லை என்று பள்ளியின் நிர்வாகச் செயலரைப் பார்க்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் மிகவும் மரியாதையானவர். மரியாதையாகவே சொன்னார்: பாறை மிஸ் ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்க வேண்டும். எழுத்து மூலம் புகார் வந்தால் புதுப்பிக்க முடியாது. அல்லது அந்தத் 'தெரியாது' வரியை எடுத்துவிட்டு மற்றவர்களைப் போல ஒரு முன்னோட்டம் கொடுக்கட்டும். சொல்லிவிட்டு அவரையே கூப்பிட்டனுப்பினார்.

பாறை மிஸ் சுண்ணாம்புக் கையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரே ஒரு வரி மேடம்" என்றார் செயலர்.

"அந்த வரி தப்புன்னு காட்டுங்க சார், இப்பவே அழிச்சிருதேன். பென்சில்லதான் எழுதியிருக்கேன். புடிக்கலங்குததுக்காக அழிக்க மாட்டேன்."

"உங்க வேலை விஷயம்..."

"என்கிட்ட ஒரு கல்லு இருக்கு சார். நூறு கோடி வருசத்துக்கு மேல வயசு. அது எத்தனையோ மார்ச்சப் பாத்திருச்சு."

போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்திருந்தது.

மனுவை அன்றே கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காப்பாற்றியது வரதராஜனின் நியாய புத்தி. "எதிர்த் தரப்பைக் கேக்காம ஆக்‌ஷன் எடுத்தா நிக்காது ஓய். ஒரு காப்பி அவாளுக்கு அனுப்பிக் கமெண்ட்ஸ் கேளும். ஒரிஜினல் உம்மகிட்டயே இருக்கட்டும்." யாரை வேலையிலிருந்து தூக்கப் போகிறோமோ அவரிடமே மனுவைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது எங்கள் இனத்துக்கே உரிய நாகரிகம்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஐம்பது வயதுத் தொப்பைகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாறை மிஸ் மனுவின் நகலை என்னிடம் நீட்டினார். திருத்தியிருந்தார். பத்துக்கு நாலு.

"பெரும்பாலான பெற்றோர்னு எழுதியிருக்கீய. எத்தன பேரு? எண்ணுனீயளா? 'ஆழ்ந்த கவலை'யாம். எவ்வளவு ஆழம்? நடை நல்லா இருக்கு சார், அதுக்குத்தான் நாலு. ஆதாரம் ஒண்ணுகூட இல்ல."

என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுவே நேர்மையானது.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே இருபத்திரண்டு தாள்கள், ஏப்ரல் மாதத்துத் தாள்கள். முதல் தாளை வரதராஜனிடம் நீட்டினார்.

"இது யார் கையெழுத்து சார்?"

"என்னோடதுதான்."

"கையெழுத்துக்கு மேல என்ன போட்டிருக்கு?"

வரதராஜன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இரு பக்கமும் படித்து ஏற்றுக்கொண்டேன்."

"படிச்சுட்டுத்தான போட்டிய?"

வரதராஜன் தாளைத் திருப்பிப் பார்த்தார். தாளுக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு சார்புச் செயலர் இருபத்தொரு சாட்சிகளுக்கு முன்னால் சொல்ல முடியுமா? மீசையை எடுக்கச் சொன்னாலும் எடுப்பார், அதைச் சொல்லமாட்டார்.

"பேஷா படிச்சேன்" என்றார் வரதராஜன்.

"நீங்க?"

"படித்தேன்" என்றேன் நான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் படித்தோம் என்றார்கள்.

"அப்ப சரி. பின்பக்கத்துல மூணாவது விதிய யாராவது வாசிங்க."

என் மனைவிதான் எழுந்து வாசித்தாள். "இந்தத் தாளில் எதையாவது மாற்றச் சொல்வதற்கு முன், ஒரு சனிக்கிழமை காலை ஆசிரியரோடு ரிட்ஜுக்கு வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு முழுப் பாடம் கேட்பேன்." பாதி வரியைத் தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஏப்ரல்லயே படிச்சேன். நல்லா இருந்துச்சு. அதான் உங்ககிட்ட சொல்லல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ரிட்ஜ். டில்லிக்கு நடுவே முள்ளும் குரங்குமாகக் கிடக்கிற அந்தப் பாறை மேடு ஆரவல்லி மலையின் வால் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ. இருபத்தைந்து வருடமாக அதன் ஓரமாகவே பேருந்தில் அலுவலகம் போன எனக்கே அன்றுவரை தெரியாது. எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். எழுந்திருப்பதைப் பற்றி முழங்கால்கள் தனியாக ஆலோசனை நடத்தின. ஆளுக்கு ஒரு பென்சில், அரைத் தாள். குரங்கு ஒன்று வந்து வரதராஜனின் தயிர்சாத டப்பாவை முன்னறிவிப்பின்றி எடுத்துப் போயிற்று.

"ஒரே கேள்வி" என்றார் பாறை மிஸ், பக்கத்துப் பாறையைத் தட்டி. "இது கடல் மணலா இருந்து கல்லானது. சரி. இங்க கடல் இருந்துச்சுன்னா, அந்தத் தண்ணி எங்க போச்சு? எழுதுங்க. பிள்ளைகளும் எழுதுங்க. யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. சார், உங்களத்தான்."

வரதராஜன் முன்பக்கம் முழுவதும் எழுதி, திருப்பி, இந்த முறை பின்பக்கமும் எழுதினார். நான் பென்சிலைக் கடித்தேன். அப்போது அவர் பையன் நகர்ந்து வந்து அப்பாவின் தாளை எட்டிப் பார்த்தான்.

"அப்பா, நிஜமாவே உங்களுக்கு பதா ஹை?"

நையாண்டி இல்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வரதராஜன் பையனைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். அதன்மேல் கையை வைத்தார். டிசம்பர் வெயிலில் கல் இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் குறுக்காக அடித்தார்.

"தெரியாதுடா" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

பையன் துள்ளி எழுந்தான். "மிஸ்! மிஸ்! எங்கப்பாக்கு ஆஃப் மார்க்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐம்பத்திரண்டு வயதில், எந்தப் பதவி உயர்விலும் நான் பார்க்காத ஒரு வெட்கத்தோடு வரதராஜன் சிரித்தார். "எப்படிக் கண்டுபிடிக்கலாம்னும் சொல்லுங்க சார், முழு மார்க் தாரேன்" என்றார் பாறை மிஸ். அப்பாவும் பிள்ளையும் பாறையோரமாகக் குனிந்துகொண்டே போனார்கள். பதினொரு மணிக்கு முடிய வேண்டிய பாடம் ஒரு மணிக்குத்தான் முடிந்தது. கால்சட்டையெல்லாம் மண். துவைப்பவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வரதராஜன் என் தோளைத் தொட்டார். "ஓய், அந்தப் பெட்டிஷன்..."

"கிழித்துவிடட்டுமா?"

பதறிப்போனார். "இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட டாக்குமெண்ட் ஓய்! போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கப்படாது, கிழிக்கவும் படாது. நீர் என்ன பண்றீர்னா, அதை நன்னா எக்ஸாமின் பண்ணும்."

"எத்தனை நாள்?"

"அவசரமே படாதேயும். நன்னா பண்ணும்."

புரிந்துகொண்டேன். நிலுவையில் வைக்கிற கலையில் எனக்கு அப்போதே இருபத்தைந்து வருட அனுபவம். இதுவரை மற்றவர்களின் பதவி உயர்வையும் ஓய்வூதியத்தையும் தடுக்கத்தான் அது உதவியிருந்தது. நல்ல காரியத்துக்கும் பயன்படும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறு வாரம் மகளிடம் ஒரு கல்லைக் கொடுத்தனுப்பியிருந்தார் பாறை மிஸ். ரிட்ஜ் பாறைத் துண்டு, அரைச் செங்கல் அளவு. கூடவே பென்சிலில் ஒரு வரி: "சார், ஃபைல் காத்துல பறந்துரும். இத மேல வைங்க." நிலுவை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அரை மதிப்பெண்.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏழாம் வகுப்புக்கு அதே தாள் போகிறது. ஒரு வரி மாறவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் நிர்வாகச் செயலர், ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன், மரியாதையாக எனக்குப் போன் செய்கிறார். "அந்தப் புகார் என்னாச்சு சார்?" "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறேன். "இன்னுமா?" என்கிறார். "ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது" என்கிறேன்.

பொய் இல்லை. கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது, கல் அதன் மேல் இருக்கிறது. அதைத் தூக்கினால்தானே கோப்பை எடுக்க முடியும்? எனக்கும் வயதாகிவிட்டது, கல் நல்ல கனம்.